ஹுவாதுவில் நீவாடு இழுத்த நாள்

தூத்துக்குடிக்காரன்:
நம் ஸ்கூபா குழுவில் (சிலிண்டர் மாட்டிக் கடலில் மூழ்குகிறவர்கள்) எல்லாரும் சுறாவைப் பார்த்த கதை எழுதுகிறீர்கள், நான் சுறாவைப் பார்த்துவிட்டுத் தோணியைத் தொலைத்த கதை எழுதுகிறேன்.

மாலத்தீவுத் தலைநகர் மாலேக்குப் பக்கத்தில் ஹுல்ஹுமாலேயில் வேலை பார்த்த காலம். ஒரு மார்ச் மாதம், தெற்கு மாலத்தீவுக்குப் போகிற சஃபாரி படகில் (அதிலேயே தங்கி, போகிற வழியெல்லாம் மூழ்கிப் பார்க்கிற படகு) யாரோ கடைசி நேரத்தில் வரவில்லை என்று பாதி விலைக்கு இடம் கிடைத்தது. மாலேயில் ஏறி, தெற்கே போய்க்கொண்டே இருந்து, தெற்குக் கோடி அட்டுவில் கான் தீவில் இறங்கி விமானம் பிடிக்கவேண்டும். இந்தப் பயணமெல்லாம் பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான், வடகிழக்குப் பருவக்காற்று சமயத்தில் கிழக்குப் பக்கத்து இடைவெளிகள் வழியாகத் தெளிந்த தண்ணீர் அட்டோலுக்குள் (வளையமாக நிற்கிற பவளத்திட்டு, தீவுக்கூட்டம்) ஏறும், சுறாக்கள் அந்த வாசலில் வந்து நிற்கும்.

லாமு, ஹுவாது என்ற இரண்டு அட்டோல்களுக்கு நடுவே ஒன்றரை டிகிரி கால்வாய். 80 கிலோமீட்டருக்கு மேல் ஒரு தீவு கிடையாது. அதை ராத்திரியில் கடந்தோம். நான் கழிவறைக் கதவைப் பிடித்துக்கொண்டே விடிய விடிய நின்றேன், அவ்வளவுதான், அதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை.

சிலிண்டர், கம்ப்ரஸர் எல்லாம் தனிப் படகில் பின்னாலேயே வரும். அதன் பெயர் அவர்கள் மொழியிலும் தோனிதான், நம் தோணி. காலை ஆறரைக்கு அதிலிருந்து குதித்தோம். மிதக்கக் காற்றடைக்கிற ஜாக்கெட்டில் துளிக் காற்று இல்லாமல் நேரே கீழே இறங்கவேண்டும், மேலே தயங்கினால் நீரோட்டம் (எங்கள் ஊரில் நீவாடு) வாசலைத் தாண்டிக் கொண்டுபோய்விடும். 28 மீட்டரில் விளிம்பு வந்தது (அங்கே சட்டப்படி 30 மீட்டர்தான் எல்லை). நீரோட்டம் இழுக்காமலிருக்க, ஜாக்கெட்டில் கயிறு கட்டிய கொக்கியைச் செத்த பவளத்தில் மாட்டி, கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி ஆடிக்கொண்டு நின்றோம்.

எதிரே சாம்பல் சுறாக்கள். நாற்பது வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். வாலை ஆட்டாமலே அந்த வேகத்தில் அப்படியே நிற்கின்றன. ஒன்று ரொம்பக் கிட்டே வந்தது, வாயோரத்தில் துருப்பிடித்த தூண்டில் முள், அதில் ஒரு முழம் நரம்பு, நரம்பில் பாசி படிந்திருந்தது. 2010-லேயே அங்கே சுறாப் பிடிக்கத் தடை வந்துவிட்டது, ஆனால் வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலைச் சுறா கடிக்காமலா இருக்கும்.

கைடு கிளம்பச் சொன்னார். எல்லாரும் கழற்றிக்கொண்டு பறந்துவிட்டார்கள். என் கொக்கி மட்டும் இடுக்கில் சிக்கிக்கொண்டது. கயிற்றை அறுத்துவிட்டு நிமிர்ந்தால் ஒருவரையும் காணோம், சுற்றிலும் நீலம்.

மேலே வருமுன் உடம்பு பழக நிற்கிற வழக்கப்படி ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் தனியாக நின்று, படகுக்கு அடையாளம் காட்டுகிற ஆரஞ்சுக் குழாயை ஊதி மேலே விட்டேன். அட்டோலுக்கு உள்ளே குளம் மாதிரி இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஹுவாது உலகத்தின் பெரிய அட்டோல்களில் ஒன்று, நடுவில் நின்றால் கரை தெரியாது, அலை தலைக்கு மேல் போகிறது. தூரத்தில் தோணி மற்றவர்களை ஏற்றிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றது. விசிலை ஊதி ஊதி உதடு எரிந்தது.

தாத்தா 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் முங்கியவர். "மேலே கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்தணும், தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கு, விடமாட்டான்" என்பார். நீவாடு பார்க்காமல் கடலில் கால் வைக்காதே என்றும் சொல்வார். எனக்கு மச்சானும் இல்லை, நீவாடும் பார்க்கவில்லை.

25 நிமிடம். கடைசியில் கூரைமேல் துண்டு காயப்போட ஏறிய பையன்தான் பார்த்திருக்கிறான். தோணியில் ஏறியதும் கைடு திட்டவில்லை, ஒரு வாழைப்பழம் கொடுத்தார். அதுதான் ரொம்ப வெட்கமாக இருந்தது.

நீலாங்கரை அக்கா:
தம்பி, படிக்கும்போதே கை வேர்த்துவிட்டது. நான் பிலிப்பைன்ஸில் துப்பதாஹா பவளத்திட்டுக்குப் போனேன். அதுவும் இப்படித்தான், புவேர்ட்டோ பிரின்சேசாவில் ராத்திரி கிளம்பினால் விடியும்போதுதான் பவளத்திட்டு, மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரைதான் விடுவார்கள். நடுக்கடலில் ஒரு மணல்திட்டு, அதில் ரேஞ்சர்கள் தங்குகிற ஒரே ஒரு கட்டடம். அவர்களுக்குக் காய்கறி கொண்டுபோய்க் கொடுத்தோம், முட்டைக்கோஸைப் பார்த்து ஒருவர் சிரித்த சிரிப்பு இருக்கே, சுறாகூட அவ்வளவு ஞாபகம் இல்லை. சரி, அப்புறம் மறுபடி இறங்கினாயா?

தூத்துக்குடிக்காரன்:
அன்றைக்கே பதினொரு மணிக்கு இறங்கினேன் அக்கா, கைடின் துடுப்பு மூஞ்சியில் இடிக்கிற தூரத்தில். என் கொக்கி இன்னும் அங்கேதான் கிடக்கும். யாராவது போனால் பாருங்கள், நீலக் கயிறு.