பிரான்சில் இருப்பவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். மேற்கு ஐரோப்பாவில் மதத்துக்கு இனி இடம் உண்டா என்று ஒரு கட்டுரை எழுதுகிறேன். சரிவு தெளிவாகத் தெரிகிறது. இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கெடுப்பில் தங்களைக் கிறிஸ்தவர் என்றவர்கள் 2011இல் 59.3 சதவீதம், 2021இல் 46.2. ஜெர்மனியில் 2022இல் மட்டும் 5 லட்சத்துக்கும் அதிகமானோர் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து விலகினார்கள். (அங்கே விலகினால், உறுப்பினர்கள் கட்ட வேண்டிய திருச்சபை வரியும் நின்றுவிடும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.)

ஆனால் பிரான்ஸ்தான் புரியவில்லை. 2025 ஈஸ்டருக்கு 10,000க்கும் மேற்பட்ட பெரியவர்கள் கத்தோலிக்கத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றார்கள், அதில் இளைஞர்கள் நிறைய. அவ்வளவு மதச்சார்பற்ற நாட்டில் இவர்களை எது இழுக்கிறது? தனிமையா, நண்பர்களா, உண்மையான தேடலா? அப்புறம், ஓரிரு வருடத்துக்குப் பிறகும் கோயிலுக்கு வருகிறார்களா? நேரில் பார்த்தவர்கள், படித்தவர்கள் எழுதுங்கள். பிரெஞ்சுக் கட்டுரைகள் இருந்தாலும் அனுப்புங்கள்.