ஓ.ஆர்.எஸ்: 1971-ல் டிரம்மில் கரைத்ததும் இன்றைய பாக்கெட்டும் ஒன்றுதானா?

முகிலன்:
குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் டாக்டர் திலீப் மஹலநாபிஸ் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். வங்கதேசப் போர்க் காலத்தில் அகதி முகாமில் காலராவை உப்பு, சர்க்கரைத் தண்ணீரை வைத்தே சமாளித்தவர் என்ற அளவில் தெரியும். கதையை மட்டும் சொல்லிவிட்டு இறங்க மனமில்லை, வீட்டில் செய்யும் முறையையும் சொல்ல வேண்டும். அவர் கரைத்த அளவு என்ன? இப்போது மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ் பாக்கெட் (பேதியில் போகும் நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கரைத்துக் குடிக்கும் பொடி) அதேதானா? பாக்கெட் இல்லாத நேரத்தில் எதை எவ்வளவு போடுவது? ஆளாளுக்கு 'ஒரு சிட்டிகை, ஒரு கைப்பிடி' என்கிறார்கள். எல்லார் கையும் ஒரே அளவா இருக்கிறது?

ஏட்டுப்புழு:
முதல் கேள்விக்கு மட்டும் நான்.

இடம் மேற்கு வங்க எல்லையில் இருக்கும் பன்காவ். ஆஸ்பத்திரியில் இரண்டே அறை, தரை முழுக்க நோயாளிகளும் அவர்களுடைய பேதியும் வாந்தியும். டிரிப்ஸ் ஏற்ற வேண்டுமானால் அந்தக் கழிவிலேயே மண்டியிட வேண்டும். சலைன் பாட்டிலும் தீர்ந்துகொண்டிருந்தது. அவர் குழுவில் ஊசி குத்தி டிரிப்ஸ் போடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். வேறு வழியில்லாமல்தான் வாய்வழிக் கரைசலுக்குப் போனார்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் எடைபோட்டுப் பொட்டலம் கட்டி, முகாமில் டிரம்களில் கரைத்தார்கள். ஊட்டிவிட்டது பெரும்பாலும் நோயாளியின் சொந்தக்காரர்கள். சலைன் பாட்டில் மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை அதிகம் என்பதால் இதற்கும் 'வாயால் குடிக்கும் சலைன்' என்றே பெயர் சொன்னார்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. ஆய்வுக் கட்டுரை 1973-ல்தான் அச்சேறியது.

கூட்டத்தில் ஒன்றைத் திருத்திச் சொல்லுங்கள்: கண்டுபிடித்தவர் அவர் ஒருவரே அல்ல. கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி 1953-லேயே காலரா நோயாளிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்து எழுதியிருக்கிறார். 1968-ல் டாக்காவில் டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ் இருவரும் அளவு வகுத்துச் சோதித்தார்கள். மருத்துவம் படிக்காதவர் கையிலும், அந்த நெருக்கடியிலும், இது வேலை செய்யும் என்று காட்டியது மஹலநாபிஸ். 2022 அக்டோபரில் காலமானார். பத்ம விபூஷண் மறு வருடம்தான் வந்தது.

மருந்துக்கடை மணி:
பாக்கெட் அதேதான் என்று சொல்ல முடியாது, மாறியிருக்கிறது. 2002-க்குப் பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, லிட்டருக்கு: உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. மொத்தம் 20.5 கிராம். 1971 கலவையில் பொட்டாசியம் கிடையாது. சமையல் சோடா சேர்த்த பொடி ஈரக்காற்றில் நிறம் மாறிக் கெட்டியாகிவிடும், அதனால் சிட்ரேட் வந்தது. சர்க்கரையையும் உப்பையும் குறைத்ததில் பேதியின் அளவும் வாந்தியும் குறைந்தன.

சர்க்கரை ருசிக்காகப் போடுவது அல்ல. குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஒரே வாசலில் ஜோடியாக நுழைகின்றன, பின்னாலேயே தண்ணீர் போகிறது. காலராவிலும் அந்த வாசல் மூடுவதில்லை. சர்க்கரை கூடினால் கதை தலைகீழ்: அது உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து, பேதியை அதிகமாக்கும்.

கடையில் தினமும் பார்க்கும் தப்பு தண்ணீர் அளவில். பாக்கெட்டில் இரண்டு சைஸ் உண்டு. 20 கிராம் சொச்சம் இருப்பது ஒரு லிட்டருக்கு, 4 கிராம் சொச்சம் இருப்பது 200 மில்லிக்கு. பெரியதை ஒரு டம்ளரில் கொட்டினால் ஐந்து மடங்கு உப்பு. கைக்குழந்தைக்கு அது ஆபத்து, ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரைக்கும் போகலாம். 'அப்பப்போ ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கிக்கலாம்' என்று பொடியைப் பிரித்து வைப்பதும் கூடாது, நாலு சரக்கும் ஒவ்வொரு ஸ்பூனிலும் சமமாக வராது. காலி ஒரு லிட்டர் வாட்டர் பாட்டிலே நல்ல அளவுகோல். காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டுங்கள். கரைத்த பிறகு கொதிக்க வைக்காதீர்கள். பால், ஜூஸ், சோடா எதிலும் கரைக்க வேண்டாம்.

பெயரில் மட்டும் ஓ.ஆர்.எஸ் போட்டிருந்த இனிப்பு டெட்ரா பேக்குகளை மறந்துவிடுங்கள். அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. லேபிளில் மேலே சொன்ன நாலு சரக்கும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

செவிலி செல்வி:
பாக்கெட் இல்லாத நேரத்துக்கு: ஒரு லிட்டர் தண்ணீர், 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் தூள் உப்பு. டீஸ்பூன்னா 5 மில்லி ஸ்பூன், கத்தி முதுகால தலைதட்டி அளக்கணும். கோபுரமா அள்ளினா கிட்டத்தட்ட ரெட்டிப்பாகிடும். வீட்டுச் சர்க்கரையில பாதிதான் குளுக்கோஸ், மீதி ஃப்ரக்டோஸ். அதனாலதான் 13.5 கிராமுக்குப் பதிலா சுமார் 25 கிராம். கல்லுப்பு வேண்டாம், பரலுக்கு நடுவுல காத்து இருக்கிறதால ஸ்பூன் அளவு நிற்காது. கரைச்சு ருசி பாருங்க, கண்ணீரை விட உப்பா இருந்தா கொட்டிட்டு மறுபடி கரைங்க. இதுல பொட்டாசியம் இல்ல, பாக்கெட் கிடைச்சதும் மாறிக்கங்க.

கொடுக்கிறதுல தோத்துப்போற இடம் ரெண்டு. ஒண்ணு, 'குடிச்சும் பேதி நிக்கலையே'ன்னு நிறுத்திடறது. இது பேதியை நிறுத்துற மருந்து இல்ல, போற தண்ணியையும் உப்பையும் ஈடுகட்டுறது. ஒவ்வொரு தடவை போனதும் ரெண்டு வயசுக்குள்ள 50-100 மில்லி, ரெண்டுல இருந்து பத்து வயசு வரை 100-200, பெரியவங்க கேக்குற அளவு.

ரெண்டாவது, வாந்தி. தாகத்துல குழந்தை மடக் மடக்னு குடிக்கும், அப்படியே வெளிய வந்துடும். பத்து நிமிஷம் விட்டுட்டு, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு டீஸ்பூன். பொறுமையை சோதிக்கும்தான், ஆனா மணிக்கு 150 மில்லி உள்ள போயிடும். தாய்ப்பாலை நிறுத்தாதீங்க, சாப்பாட்டையும்தான். துத்தநாக மாத்திரை ஆறு மாசத்துக்கு மேல தினம் 20 மி.கி., அதுக்குக் கீழ 10 மி.கி., 10-14 நாள். பேதி நின்னாலும் அத்தனை நாளும் கொடுத்து முடிக்கணும்.

கண் குழி விழுந்து, வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா மெதுவா திரும்பினா, ஆறு மணி நேரமா சிறுநீர் இல்லன்னா, மலத்துல ரத்தம் இருந்தா, குடிக்கவே முடியாம துவண்டு கிடந்தா ஸ்பூனோட மல்லாடாதீங்க. போற வழியிலயும் கொடுத்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

ஏட்டுப்புழு:
கைப்பிடிக் கணக்கு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது சும்மா வந்ததில்லை. 1980-களில் வங்கதேசத்தில் 'பிராக்' என்ற தொண்டு அமைப்பு வீடுவீடாகப் போய் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு மூன்று விரல் சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும் அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீரும் என்று சொல்லிக்கொடுத்தது. ஆனால் சொல்லிவிட்டுப் போகவில்லை, அந்தத் தாயைத் தன் கையாலேயே கரைக்க வைத்தார்கள். பிறகு வேறு ஆள் போய்க் கேட்கும்போது அந்தத் தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாரோ, அதைப் பொறுத்தே சொல்லிக்கொடுத்த பணியாளருக்குச் சம்பளம். அந்தப் பயிற்சி இல்லாத நமக்கு ஸ்பூன்தான் சரி.

முகிலன்:
நன்றி செல்வி அக்கா, மணி சார், ஏட்டுப்புழு. கூட்டத்தில் ஒரு பாட்டிலும் ஸ்பூனும் எடுத்துப் போய்க் கரைத்தே காட்டுகிறேன். யாராவது இளநீர் போதாதா என்று கேட்டால்?

செவிலி செல்வி:
இளநீர்ல பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி. லேசான பேதிக்குப் பெரியவங்க உப்புக் கஞ்சி, உப்பு போட்ட மோரோட சேர்த்துக் குடிக்கலாம். குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ்-க்குப் பதிலா அதை மட்டும் கொடுக்கக் கூடாது. கரைச்சுக் காட்டினதை மூடி வைச்சா 24 மணி நேரம் வரைக்கும்தான், அப்புறம் கொட்டிடுங்க. செடிக்கு ஊத்தாதீங்க, உப்பு.