சாப்ட்வேர் கம்பெனி திரில்லர்: பென்டிரைவ் காட்சி வேணுமா, வேண்டாமா?

(ஒரு சாப்ட்வேர் கம்பெனி நிரல் திருடுவதை வைத்துத் திருநெல்வேலியில் படம் எடுத்தால் எப்படி இருக்க வேண்டும் என்று நால்வர் பேசுகிறார்கள். ஊர்ப் பகுதிப் பெயர்களே அவர்களுக்குப் பெயர்.)

கொக்கிரகுளம்:
2001 ஜனவரியில் வந்த ‘ஆன்டிட்ரஸ்ட்’ படத்திலிருந்து தொடங்குவோம். இயக்கம் பீட்டர் ஹோவிட். டிம் ராபின்ஸ் பெரிய மென்பொருள் கம்பெனி முதலாளி. வெளியே தனியாக நிரல் எழுதுகிறவர்களை வேவு பார்த்து, எழுதியதைத் திருடி, ஆளையும் தீர்த்துக்கட்டுகிற கம்பெனி அது. உள்ளே வேலைக்குச் சேர்ந்த பையன் அதைக் கண்டுபிடித்து, கடைசியில் சோர்ஸ் கோடை, அதாவது மூல நிரலை, உலகத்துக்கே ஒளிபரப்பிவிடுகிறான். படத்தின் பெயருக்கு ஏகபோகத் தடை என்று அர்த்தம்; நிஜத்திலும் அப்போது அப்படி ஒரு வழக்கு நடந்தது. 1998 மே மாதம் மைக்ரோசாப்ட் மேல் அமெரிக்க அரசு அதைப் போட்டது. 2000 ஜூனில் கம்பெனியை இரண்டாக உடைக்கச் சொல்லித் தீர்ப்பு. 2001 ஜூனில் மேல்முறையீட்டில் அந்த உத்தரவு ரத்து. நடுவில் இந்தப் படம். படத்தில் வரும் கணினித் திரைகளில் லினக்ஸுக்கான இலவச மென்பொருளான க்னோம் டெஸ்க்டாப் ஓடும், க்னோமைத் தொடங்கிய மிகேல் தெ இகாஸாவே தலைகாட்டுவார்.

இதே மாதிரி ஒன்றைக் கங்கைகொண்டான் ஐடி பூங்காவை வைத்து எடுத்தால், நாயகன் ராத்திரி ஆபீஸில் புகுந்து சோர்ஸ் கோடைப் பென்டிரைவில் நகலெடுக்கிற காட்சி தயவுசெய்து வேண்டாம். நகல் எவ்வளவு ஆனது என்று காட்டும் பட்டை 97 சதவீதத்தில் நிற்கும், வாட்ச்மேன் பூட்ஸ் சத்தம் கேட்கும், நாயகன் நெற்றியில் வியர்வை. கணக்கே இடிக்கிறது. 10 லட்சம் வரி, வரிக்கு 35 எழுத்து என்றால் 35 எம்பி. நொடிக்கு 5 எம்பி எழுதும் மட்டமான பென்டிரைவில்கூட 7 நொடி. வாட்ச்மேன் எழுந்திருக்கும் முன் வேலை முடிந்துவிடும்.

வண்ணார்பேட்டை:
என்னவே சொல்லுதீரு? படத்துக்குப் போறவன் கால்குலேட்டரோடயா போறான்? முன்வரிசையில இருக்கவனுக்கு 97-ல நிக்க பட்டை தெரியும், உம்ம எம்பி கணக்கு தெரியாது. அதோட உம்ம கணக்கும் பாதிதான். 35 எம்பி ஒரே பைலா இருந்தாத்தான் 7 நொடி. சோர்ஸ் கோட் அப்படியா கெடக்கும்? வெளியில இருந்து இறக்கின துணை நிரல் கெடக்க நோட் மாட்யூல்ஸ் போல்டரையும் சேத்து இழுத்துப் போட்டா 40 ஆயிரம் பொடிப் பைல் வரும். ஒவ்வொண்ணுக்கும் பேரு எழுதணும், இடம் குறிக்கணும். பென்டிரைவ் அங்கதான் மூச்சு வாங்கும். பத்து நிமிஷம், கால் மணி நேரம்னு இழுக்கும். ஜிப் போட்டு ஒரே பைலா ஆக்காம அவசரத்துல இழுத்துட்டான்னு வைங்க, எம் பட்டை ஞாயம்தான்.

கொக்கிரகுளம்:
பொடிக் கோப்பு விஷயம் ஒத்துக்கொள்கிறேன், அடி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. ஆனால் பத்து வருஷ அனுபவமுள்ள நிரலாளன் நோட் மாட்யூல்ஸைச் சேர்த்து இழுத்தால் அவன்மேல் எனக்கு மரியாதை போய்விடும். அது ஒரு கட்டளையில் திரும்ப இறங்குகிற சாமான்.

பட்டையைவிடப் பெரிய கோளாறு, அவனுக்கு ராத்திரி அங்கே வேலையே இல்லை என்பது. நிரலில் செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருளை உபயோகிக்கிற இடத்தில் ஒவ்வொருவர் மடிக்கணினியிலும் முழு வரலாறும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. பகல் 11 மணிக்கு புல் பண்ணினால், அதாவது சர்வரிலிருந்து புதுசை இறக்கினால், யாருக்கும் சந்தேகம் வராது, ராத்திரி 2 மணிக்கு யூஎஸ்பி செருகினால்தான் மாட்டுவான். பல கம்பெனிகளில் யூஎஸ்பி சேமிப்பை மொத்தமாக முடக்கியிருப்பார்கள். முடக்காத இடத்திலும் விண்டோஸின் உள்பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் யூஎஸ்பி-ஸ்டோர் என்ற பகுதியில் பென்டிரைவின் வரிசை எண் பதிந்துவிடும். பென்டிரைவைத் தாமிரபரணியில் வீசினாலும் அந்த எண் போகாது.

பாளை எடிட்டர்:
திரையைப் படமெடுப்பது பற்றி மட்டும். பட்டையோ வேறெதுவோ, மானிட்டரை நேரடியாக எடுத்தால் கோடு ஓடும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், நொடிக்கு 24 பிரேம் என்றால் கேமராவின் ஷட்டர் கோணம் 144 டிகிரி இருக்க வேண்டும். ஆனால் நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அறையின் டியூப் லைட்டுக்கு 172.8 வேண்டும். இரண்டும் ஒரே பிரேமில் வந்தால் ஒன்று மின்னும். மானிட்டரை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டு 172.8-ல் எடுப்பது சுலபம். அப்புறம், ஒரு ஷாட்டில் பார்வையாளன் படிக்கக்கூடியது ஏழெட்டு எழுத்துதான்.

குறுக்குத்துறை:
சட்டப் பக்கம் யாரும் தொடவில்லையே. நாயகன் நல்லவனாகவே இருந்தாலும், அனுமதி இல்லாமல் கம்பெனிக் கணினியிலிருந்து நகல் எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் பிரிவு 43(பி) அவன் மேலேயே பாயும். கெட்ட எண்ணத்தோடு செய்தான் என்று நிறுவிவிட்டால் பிரிவு 66: மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வில்லனின் வக்கீல் முதல் வாய்தாவிலேயே இதைத்தான் எடுப்பார்.

இன்னொன்று, சப்-இன்ஸ்பெக்டர் நாயகன் துப்பறிவதாக எழுதாதீர்கள். பிரிவு 78-படி இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறைந்தவர் விசாரிக்க முடியாது. நஷ்டஈடு 5 கோடி வரை என்றால் சிவில் கோர்ட் கிடையாது, சென்னையில் ஐடி துறைச் செயலர் முன்னால் போகவேண்டும். ஆதாரத்துக்கு 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதிநியம் 63(4) சான்றிதழ் வேண்டும்: ஏ பகுதி தாக்கல் செய்கிறவர் கையெழுத்து, பி பகுதி நிபுணர் கையெழுத்து, கோப்புக்குக் கைரேகை மாதிரியான ஹாஷ் எண்ணோடு. பென்டிரைவைக் கோர்ட்டில் தூக்கிக் காட்டி “இதுதான் ஆதாரம்” என்று வசனம் பேசினால் சிரிப்புத்தான் வரும்.

வண்ணார்பேட்டை:
அண்ணாச்சி, நீங்க சொல்லுதத பாத்தா படமே எடுக்க முடியாது போலயே. சரி, பென்டிரைவ விடுதேன். திருட்டு எப்படித் தெரியவருது? எங்கிட்ட ஒரு யோசனை இருக்கு. திருட்டுக் கொடுத்தவன் டவுன் ரதவீதிப் பக்கத்துப் பையன், கோடுக்குள்ள, கணினி கண்டுக்காத குறிப்பான கமென்ட்டுல “அல்வா தீந்துட்டு”ன்னு எழுதி வச்சிருக்கான். கம்பெனி விக்கிற சாமான்ல அதே வரி!

கொக்கிரகுளம்:
அருமை, ஆனால் கமென்ட்டில் வைக்காதீர்கள். கம்பைல் ஆனதும், அதாவது கணினி ஓட்டும் பைனரியாக மாறியதும், கமென்ட் போய்விடும். பிழைச் செய்தியாக வையுங்கள். சரக்கு இருப்பு பூஜ்யமானால் வரும் செய்தி “அல்வா தீந்துட்டு”. அது பைனரிக்குள் அப்படியே கிடக்கும். லினக்ஸில் ‘ஸ்ட்ரிங்ஸ்’ கட்டளை போட்டால் வந்துவிடும். ஒரு நுணுக்கம்: அந்தக் கட்டளை சும்மா போட்டால் ஆங்கில எழுத்துகளைத்தான் பொறுக்கும், தமிழ் எழுத்தைத் தவறவிடும். அதனால் பையன் ஆங்கில எழுத்தில் தட்டியிருக்க வேண்டும். திருடியவன் வடக்கத்திக்காரன், அர்த்தம் தெரியாமல் விட்டுவிட்டான். இதைவிட நல்ல காட்சி பட்டையில் வராது.

இனி நகல் எடுக்காமல் நிரூபிக்க வழி. கிட்டில் பதிவாகும் மாற்றத்துக்குக் கமிட் என்று பெயர், ஒவ்வொரு கமிட்டுக்கும் 40 எழுத்து எண் உண்டு. உள்ளடக்கமும் முந்தைய கமிட்டின் எண்ணும் சேர்ந்து உருவாவது அது. திருட்டுக் கோட் முதலில் நுழைந்த கமிட்டின் எண்ணை நாயகன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்கிறான். கோட் ஒரு வரிகூட வெளியே போகவில்லை. அந்த எண்ணைப் புகார் மனுவில் எழுதி போலீஸ் தருகிற சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிட்டால் தேதியும் நின்றுபோகும். தேதி முக்கியம், ஏனென்றால் கிட்டுக்குள் பதியும் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

வண்ணார்பேட்டை:
40 எழுத்து எவனுக்குவே புரியும்? எடிட்டர் இப்பத்தான் ஏழெட்டுன்னாரு.

கொக்கிரகுளம்:
லாட்டரிச் சீட்டு எண் ஒத்துப்பார்ப்பது யாருக்குப் புரியாது? கிட் மென்பொருளே வழக்கமாக முதல் 7 எழுத்தைத்தான் காட்டும். திரையில் 7 காட்டுங்கள், சீட்டில் 40-ம் இருக்கட்டும். ஏழு மட்டும் போதாது. ஒவ்வொரு இடத்திலும் 16 எழுத்தில் ஒன்று வரும்; 16-ஐ ஏழு முறை பெருக்கினால் ஏறத்தாழ 26.8 கோடி, ஒரு மடிக்கணினி நிமிஷக் கணக்கில் போலி ஒன்றைத் தேடிப்பிடித்துவிடும். 40-க்கு அந்த வித்தை பலிக்காது.

வில்லனின் அடுத்த நகர்வு வரலாற்றைத் திருத்தி ஃபோர்ஸ் புஷ் பண்ணுவது, அதாவது சர்வரில் பழசின் மேல் திணிப்பது. சர்வரில் பழைய எண் மறையும், அதற்குப் பின்னால் வந்த எல்லா எண்ணும் மாறும். மற்றவர்களைப் பழசை அழித்துவிட்டுப் புதிதாக க்ளோன் பண்ண, அதாவது முழுசையும் மறுபடி இறக்கச் சொல்லி மெயில் வரும். தப்பிப்பது ஒரே ஒரு மடிக்கணினி: ஆனித் தேரோட்டத்துக்கு லீவு போட்டுவிட்டு அதைத் திறக்காமலே வைத்திருந்த பெண்ணுடையது. அவள் திறந்து புல் பண்ணினாலும் பழசு உடனே அழியாது, ஆனால் அழித்துவிட்டு க்ளோன் பண்ணினால் போச்சு. மெயில் வந்துவிட்டது, அவள் வடம் பிடிக்கப் போயிருக்கிறாள், போன் எடுக்கவில்லை.

குறுக்குத்துறை:
கடிகாரமும் சட்டத்திலேயே இருக்கிறது. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி லாக்குகளை, அதாவது கணினியில் நடந்தவற்றின் பதிவுகளை, 180 நாள் வைத்திருக்க வேண்டும். 181-ஆம் நாள் துடைத்தால் கேட்க ஆளில்லை. நாயகன் கண்டுபிடிப்பது 171-ஆம் நாள் என்று வையுங்கள்.

வண்ணார்பேட்டை:
தேரும் பத்து நாளும் நல்லாருக்கு, சீட்டையும் ஒத்துக்கிடுதேன். ஆனா ராத்திரி அவன் மதுரை ரோட்டுல பைக்குல வரும்போது கங்கைகொண்டான் புள்ளிமான் ஒண்ணு குறுக்க பாயணும். அத யாரும் வெட்டப்பிடாது.

பாளை எடிட்டர்:
நிஜ மான் கிடைக்காது. கங்கைகொண்டான் மான் சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி, விலங்குக்கு விலங்குகள் நல வாரிய அனுமதி, இரண்டுக்கும் சேர்த்து உங்கள் 180 நாள் போய்விடும். ஹெட்லைட்டில் இரண்டு கண் மின்னுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மிச்சம் சத்தத்தில்.