ஆட்டு ரத்தப் பொரியல் இறுகாமல் உதிர என்ன வழி?

வணக்கம். வெளியூர்க்காரர்கள் முகம் சுளிக்கும் ரத்தப் பொரியலைப் பதமாகச் செய்து பரிமாற உங்கள் யோசனை வேண்டும்.

உறைந்த ஆட்டு ரத்தம் அரை லிட்டர். துண்டு போட்டு, மஞ்சள் தூளும் உப்பும் சேர்த்த தண்ணீரில் வேகவைத்து, நடுவில் சிவப்பு மாறியதும் வடித்து உதிர்ப்பது. நல்லெண்ணெயில் சீரகம், 20 சின்ன வெங்காயம், 5 பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து வதக்கி, கடைசியில் கைப்பிடித் தேங்காய்த் துருவல். கவிச்சி துளியும் இல்லை. வெங்காயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

சிக்கல் வேகவைப்பதில்தான். தண்ணீர் தளதளவென்று கொதித்தால் துண்டுக்குள் ஓட்டை ஓட்டையாக விழுந்து ரப்பர் மாதிரி இறுகுகிறது. தீயைக் குறைத்தால் நடுவில் சிவப்பு மாறுவதில்லை.

துண்டு எந்த அளவில் இருக்கணும்? ரத்தம் பிடிக்கும்போதே உப்புத் தண்ணீர் கலந்து உறையவிடுபவர்கள், அரை லிட்டருக்கு எவ்வளவு ஊற்றுகிறீர்கள்? இட்லிப் பானையில் ஆவியில் வேகவைப்பவர்களும் நேரம் சொல்லுங்கள்.