தடுப்பூசி பற்றி உடன் படிப்பவர்களிடம் எப்படிப் பேசுவது?

சாட்ஸ்வொர்த் மாணவி, டர்பன்:
வணக்கம். அறிவியல் ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். பதினோராம் வகுப்புக்கு நோய் எதிர்ப்பாற்றலும் தடுப்பூசியும் நாங்கள்தான் நடத்தப்போகிறோம். ஆனால் என்கூடப் படிப்பவர்களிலேயே சிலர், "தட்டம்மை ஊசி போட்டால் ஆட்டிசம் வரும்" என்கிறார்கள். ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள்! மனசு கேட்கவில்லை. சண்டை போடாமல் எப்படிப் பேசுவது?

ஓய்வுபெற்ற வாத்தியார், பீனிக்ஸ், டர்பன்:
பாடம் தெரிவது வேறும்மா, பயம் போவது வேறு. அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று காட்டு. 1998-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வேக்ஃபீல்டு என்ற மருத்துவர் எழுதிய கட்டுரை. பார்த்தது வெறும் 12 பிள்ளைகளை. 2010-இல் லான்செட்டே அதைத் திரும்பப் பெற்றது. பிரிட்டனில் அவருடைய மருத்துவர் பதிவும் பறிபோனது. அப்புறம் 2019-இல் டென்மார்க்கில் ஆறரை லட்சம் பிள்ளைகளை வைத்து வந்த ஆய்வில் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. 12-ஐயும் ஆறரை லட்சத்தையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுது. அவர்களே பேசட்டும்.

நர்ஸ் அக்கா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
எச்பிவி ஊசியையும் (கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸுக்கு எதிரான ஊசி) சேர்த்துக்கொள் தங்கச்சி. 2014-இல் தென்னாப்பிரிக்க அரசுப் பள்ளிகளில் நான்காம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குத் தொடங்கினார்கள். சம்மதப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாய்மார் முதலில் கேட்பது டீச்சரைத்தான்: "ஒன்பது வயசுப் பிள்ளைக்கு இது எதுக்கு?" கிருமி தொற்றுவதற்கு முன்னால் போட்டால்தான் கருப்பைவாய்ப் புற்றுநோயிலிருந்து நல்ல பாதுகாப்பு என்று அந்த இடத்திலேயே சொல்லத் தெரியவேண்டும். டீச்சர் தயங்கினால் படிவம் கையெழுத்தில்லாமல் திரும்பிவிடும்.

சாட்ஸ்வொர்த் மாணவி:
ரொம்ப நன்றி ஐயா, அடுத்த வகுப்பிலேயே செய்கிறேன். அக்கா, நிரப்பாத படிவம் ஒன்று கிடைக்குமா?