க்ரூன்பாமின் ஷீலே ஓவியங்கள்: 1938 பட்டியலை வைத்து என்ன நிரூபிக்க முடியும்?

கரிக்கோடு:
ஆஸ்திரிய ஓவியர் எகோன் ஷீலே 1916இல் வரைந்த 'ரஷ்யப் போர்க்கைதி'யை ஃப்ரிட்ஸ் க்ரூன்பாமின் வாரிசுகளிடம் கொடுக்கச் சொல்லி, 2025 ஏப்ரலில் நியூயார்க் நீதிபதி ஒருவர் சிகாகோ கலை நிறுவனம் என்ற அருங்காட்சியகத்துக்கு உத்தரவு போட்டார். இதே படத்துக்குத்தான் 2023 நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் 'காலம் கடந்து வந்தீர்கள்' என்று வாரிசுகளைத் திருப்பி அனுப்பியது. ஏப்ரல் உத்தரவுதான் சரி என்பது என் கட்சி.

தெரியாதவர்களுக்கு: க்ரூன்பாம் வியன்னாவின் நகைச்சுவை மேடைக் கலைஞர், யூதர். 1938 மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியதும் பிடிபட்டு டாஹாவ் முகாமுக்குப் போனார். ஜூலை 16 அன்று முகாமுக்குள் வைத்தே சொத்தைக் கையாளும் உரிமையை மனைவி எலிசபெத் பேருக்குத் தரும் அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். நான்கே நாளில் கீஸ்லிங்கர் என்ற மதிப்பீட்டாளர் வந்து சேகரிப்பைக் கணக்கெடுத்தார்: 449 கலைப்பொருட்கள், அதில் ஷீலே மட்டும் 81. க்ரூன்பாம் 1941இல் டாஹாவில் இறந்தார். எலிசபெத்தை 1942இல் மாலி ட்ரோஸ்டினெட்ஸ் கொலைமுகாமில் கொன்றார்கள். 1956இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கோர்ன்ஃபெல்ட் என்ற வியாபாரியிடம் இந்த ஷீலேக்கள் விற்பனைக்கு வருகின்றன. நடுவில் பதினெட்டு வருஷம் எங்கே இருந்தன?

சட்டப்புள்ளி:
கணக்கெடுத்தது வேறு, பறித்தது வேறு. 1938 ஏப்ரல் 26 ஆணைப்படி 5,000 ரைக்ஸ்மார்க்குக்கு மேல் சொத்து வைத்திருந்த யூதர் எல்லாரும் படிவம் நிரப்பியாக வேண்டும். கீஸ்லிங்கர் பட்டியல் அந்தக் கணக்கைச் சேர்ந்தது. வியன்னாவில் ரோத்ஷீல்டு சேகரிப்பைப் பறித்தபோது ஒவ்வொரு பொருளுக்கும் 'ஏஆர்', 'எல்ஆர்' என்று எழுத்து போட்டு எண் கொடுத்தார்கள். க்ரூன்பாம் விஷயத்தில் அப்படி ஒரு எண்ணை யாரும் காட்டவில்லை. 1938 செப்டம்பரில் ஷெங்கர் என்ற சரக்குப் போக்குவரத்து நிறுவனம் வழியாக ஏற்றுமதி அனுமதி கேட்டதற்குத்தான் தாள் இருக்கிறது. எலிசபெத்தின் சகோதரி மெதில்டே பெல்ஜியத்துக்குப் போய் உயிர் தப்பினார். அவரிடம்தான் வாங்கினேன் என்றார் கோர்ன்ஃபெல்ட். 2011இல் இதே சேகரிப்பின் வேறொரு ஷீலே பற்றிய வழக்கில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம், நாஜிகள் பறித்ததாகத் தெரியவில்லை என்றது; வாரிசுகள் தாமதித்துவிட்டார்கள் என்று வைத்திருந்தவர் பக்கம்தான் தீர்ப்பளித்தது.

பழையதாள்:
இரண்டு பேரும் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேசினால் நல்லது. ஷீலே வரிகளில் இருப்பது இவ்வளவுதான்: எண்ணெய் ஓவியம் 5, வண்ணம் தீட்டிய பெரிய தாள்கள் 55, பென்சில் வரைபடம் 20, செதுக்கு அச்சு 1. ஓவியத்தாள்களுக்குத் தலைப்பும் கிடையாது, அளவும் கிடையாது. ஆகவே இன்று ஒரு தாளைக் காட்டி 'இது அந்த 55இல் ஒன்று' என்று சொல்ல வேறு வழி தேட வேண்டும்.

எண்ணெய் ஓவியம் என்றால் பாடு குறைவு. கலை வியாபாரி காலிர் 1930இல் வெளியிட்ட ஷீலே அட்டவணையில் உரிமையாளர் பெயர் உண்டு. 'இறந்த நகரம்' ஓவியம் க்ரூன்பாமுடையது என்று அப்படித்தான் தெரிந்தது. தாள்களுக்கு அந்தக் காலத்தில் அப்படி ஓர் அட்டவணை இல்லை. 1920களின் கண்காட்சிப் பட்டியல், 1956 பெர்ன் விற்பனைப் பட்டியல், தாளின் பின்புறம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் ஒப்பிட முடியும். பின்புறத்தில் தேடுவது: பென்சிலில் எழுதிய கடை இருப்பு எண், சேகரிப்பாளர் முத்திரை, ஆஸ்திரிய நினைவுச்சின்னத் துறையின் ஏற்றுமதி முத்திரை. சாய்ந்த வெளிச்சத்திலும் புற ஊதா விளக்கிலும் படமெடுத்தால் அழித்த பென்சில்கூட ஓரளவு தெரியும்.

கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, அளவு: ஒருவர் முழுத் தாளை அளந்திருப்பார், இன்னொருவர் அட்டைச் சட்டத்தின் திறப்பை மட்டும் அளந்திருப்பார். ஒரே தாள் இரண்டாகத் தெரியும். நீளம் அகலம் இடம் மாறினால் அதே கதைதான். இரண்டு, புதுச் சட்டம் போடும்போது பழைய அட்டையைக் குப்பையில் போடுவது. சாட்சியே அந்த அட்டையில்தான் இருந்திருக்கும்.

சட்டப்புள்ளி:
நான் சொல்வதும் இதுதானே? தாளையே அடையாளம் காட்ட இவ்வளவு கஷ்டம் என்றால், 1966இல் நல்லெண்ணத்தோடு வாங்கிய அருங்காட்சியகத்தைத் திருட்டுப்பொருள் வைத்திருந்ததாக எப்படிச் சொல்வது?

கரிக்கோடு:
அடையாளம் பற்றி சிகாகோ வழக்கில் பெரிய தகராறே இல்லை. தகராறு மெதில்டே கதையில். 1956 பட்டியலில் அவர் பெயர் இல்லை. கோர்ன்ஃபெல்ட் அதை வெளியே சொன்னது 1990களின் கடைசியில், மெதில்டே இறந்து பல வருஷம் கழித்து. காட்டிய ரசீதுகளில் சில கையெழுத்துகள் பென்சிலில்! மெதில்டே கையில் படங்கள் இருந்ததென்றே வைத்துக்கொள்வோம். அது அவருக்கு உரிமையைத் தந்துவிடுமா? வேறு இரண்டு ஷீலேக்கள் பற்றிய வழக்கில் 2019இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம், முகாமில் போட்ட கையெழுத்தை மனமுவந்து போட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டது. அந்தப் பத்திரம் விழுந்தால் அதன்பின் வந்த கை எல்லாமே விழும். 1966இல் வாங்கியவர்கள் க்ரூன்பாமுக்கும் பெர்னுக்கும் நடுவில் யார் என்று கேட்டிருக்க வேண்டாமா?

சட்டப்புள்ளி:
ஏப்ரல் உத்தரவு குற்றவியல் வழியில் வந்தது. திருட்டுப்பொருளை வைத்திருப்பது தொடர்குற்றம் என்பதால் காலவரம்பு தடுக்கவில்லை. காலிரின் நியூயார்க் கடை வழியாகப் படம் போனதால்தான் மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞரால் கை வைக்க முடிந்தது. வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கும் க்ரூன்பாம் ஷீலேக்களுக்கு இந்த வழி கிடையாது. அங்கே கலைப்பொருட்களைத் திருப்பித் தருவது பற்றிய ஆஸ்திரிய ஆலோசனைக் குழு, பறிமுதலுக்கு ஆதாரமில்லை என்று 2015இல் கோரிக்கையை ஏற்க மறுத்துவிட்டது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழையதாள்:
ஏற்றுமதி அனுமதி கேட்டதற்குத் தாள் இருக்கிறது. பெட்டிகள் ஷெங்கர் கிடங்கை விட்டு வெளியே போனதற்குத் தாளை இரண்டு தரப்புமே காட்டவில்லை. அது கிடைக்கும்வரை வியன்னா ஒன்று சொல்லும், நியூயார்க் ஒன்று சொல்லும்.