வட்டில் இடம் இருந்தும் பிப் "இடம் இல்லை" என்கிறது – டெபியன் 13

கேள்வி:
வணக்கம். 8 ஜிபி நினைவகம் கொண்ட என் மடிக்கணினியில் டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தின் 13ஆம் பதிப்பைப் புதிதாக நிறுவியிருக்கிறேன். வட்டில் 200 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தும், பைதானின் மெய்நிகர் சூழலுக்குள், பொதிகளை நிறுவும் கருவியான பிப் வழியாகப் பைடார்ச் என்னும் இயந்திரக் கற்றல் பொதியை நிறுவ முயலும்போதெல்லாம், சாதனத்தில் இடம் இல்லை என்னும் 28ஆம் எண் பிழையுடன் வேலை பாதியில் நின்றுவிடுகிறது. பிப்பின் கேச்சை (பதிவிறக்கியவற்றின் சேமிப்பை) முழுவதும் அழித்துப் பார்த்தும் பயனில்லை. பழைய பதிப்பில் இதே மடிக்கணினியில் இந்தச் சிக்கல் வந்ததே இல்லை. எங்கே பார்க்க வேண்டும்?

பதில் 1:
நிரம்புவது வட்டு அன்று, தற்காலிகக் கோப்புகளுக்கான /டிஎம்பி கோப்புறை. டெபியன் 13 முதல் அது இயல்பாகவே டிஎம்பிஎஃப்எஸ் என்னும் கோப்பு முறைமையாக, வட்டில் அல்லாமல் நினைவகத்தில் (ரேமில்) அமைகிறது. அதன் உச்ச வரம்பு நினைவகத்தில் பாதி. பிப் தான் பதிவிறக்கும் பொதிகளை அங்கேதான் வைத்துக்கொள்கிறது. கேச் உங்கள் வீட்டுக் கோப்புறையில் இருப்பதால், அதை அழித்தாலும் /டிஎம்பியில் இடம் கூடாது. இட அளவைக் காட்டும் டிஎஃப் கட்டளையை /டிஎம்பி மீது இயக்கினால் இது தெரியும். வட்டிலுள்ள ஒரு கோப்புறையின் பாதையை தற்காலிகக் கோப்புகளின் இடத்தைக் குறிக்கும் டிஎம்பிடிஐஆர் என்னும் சூழல் மாறியில் எக்ஸ்போர்ட் செய்துவிட்டு மீண்டும் நிறுவுங்கள்.

கேட்டவர்:
நன்றி. டிஎஃப் 3.8 ஜிபி என்றே காட்டுகிறது. வீட்டுக் கோப்புறைக்குள் ஒரு பாதையைக் குறித்து, அந்த வரியை, முனையம் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில் சேர்த்து, முனையத்தை மூடித் திறந்த பிறகும் அதே பிழைதான் வருகிறது; வேறு எச்சரிக்கை எதுவும் இல்லை.

பதில் 2:
அந்தக் கோப்புறையை உருவாக்கினீர்களா? மாறியில் பாதையை எழுதுவதால் மட்டும் கோப்புறை உருவாகிவிடாது. தற்காலிகக் கோப்புகளுக்கு இடம் தேடும் பைதானின் டெம்ப்ஃபைல் கூறு டிஎம்பிடிஐஆர், டெம்ப், டிஎம்பி என்னும் மூன்று மாறிகளையும் இந்த வரிசையில் பார்த்து, அவை சுட்டும் இடத்தில் எழுத முடியாவிட்டால் ஒரு சொல்லும் சொல்லாமல் /டிஎம்பிக்கே திரும்பிவிடும். இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு முழு நாளைச் செலவிட்டிருக்கிறேன். பைதானில் அந்தக் கூற்றின் கெட்டெம்ப்டிர் செயற்கூற்றை அழைத்து, எந்தப் பாதை வருகிறது என்று பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். /டிஎம்பியில் 10 நாள்கள் தொடப்படாத கோப்புகளையும் /வார்/டிஎம்பியில் 30 நாள்கள் தொடப்படாதவற்றையும் புதிதாக நிறுவிய டெபியன் 13 தானாகவே நீக்கும். நீங்கள் உருவாக்கும் கோப்புறையையோ யாரும் துப்புரவு செய்யமாட்டார்கள். நடுவில் வலிந்து நிறுத்தப்பட்ட நிறுவல்களின் மிச்சங்கள் அங்கே சேர்ந்துகொண்டே போகும் என்பதால், வட்டிலேயே இருக்கும் /வார்/டிஎம்பியைக் குறிப்பதே நல்லது என்பது என் கருத்து.

கேட்டவர்:
கெட்டெம்ப்டிர் /டிஎம்பி என்றே காட்டியது. கோப்புறையை நான் உருவாக்கவே இல்லை. மாறியை /வார்/டிஎம்பிக்கு மாற்றியதும் பைடார்ச் முழுமையாக நிறுவப்பட்டுவிட்டது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.